கஞ்சி இல்லாத காலை

ஐந்து வயதுப் பையன் ஒருவனிடம் ஒரு பொய்கூடச் சொல்லாமல் கண் ஆபரேஷன் செய்துவிட முடியுமா? முடியும் என்ற கட்சியில் நான் ஒருத்தி இருந்தேன். முடியாது என்ற கட்சியில் என் அக்காவும் அத்திம்பேரும். அவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஜாக்கிரதையாக இருந்திருப்பேன்.

அப்பாவுக்குக் கடப்பைக்கு மாற்றலாகியிருந்தது. இண்டர்மீடியட் படிப்பதற்காக என்னை மயிலாப்பூரில் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் மாடிப் பகுதி. அக்கா, அத்திம்பேர், அவர்களுடைய ஒரே பிள்ளை, நான். பிள்ளைக்குப் பிறந்தது முதல் இரண்டு கண்ணிலும் புரை. வெளிச்சம் தெரியும். சிவப்புப் புடவைக்கும் வெள்ளை வேஷ்டிக்கும் வித்தியாசம் தெரியும். முகம் தெரியாது. ஆட்களைக் காதால்தான் பிரித்துவைத்திருந்தான். அக்காவுக்கு வளையல், அத்திம்பேருக்கு இருமல், எனக்கு மாடிப்படி. “ரெண்டு ரெண்டு படியாத் தாண்டிண்டு வந்தா சித்தி” என்பான். அது உண்மைதான். நான் எந்தப் படியையும் ஒவ்வொன்றாக ஏறியதில்லை.

ஆழ்வார்பேட்டையில் ஒரு டாக்டர் தம் பங்களாவின் பின்கட்டில் எட்டுப் படுக்கை போட்டுக் கண் வைத்தியம் செய்துவந்தார். முதல் தடவை மிட்டாய் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பையனை அங்கே அழைத்துப் போனார்கள். கிடைத்தது கண்ணில் எரிகிற சொட்டு மருந்து. அன்றிலிருந்து சலவைச் சட்டையை எடுத்தாலே “கண்ணுக்கா?” என்று கேட்டுக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அடுத்த தடவை கடற்கரை என்று சொன்னார்கள். ஜட்கா ஆழ்வார்பேட்டைப் பக்கம் திரும்பியதை எப்படித்தான் கண்டுகொண்டானோ, வண்டிக்காரன் தலைப்பாகையைப் பிடித்து இழுத்துவிட்டான். டாக்டர் முன்னால் நான்கு பேர் பிடித்தும் இமையைத் திறக்க முடியவில்லை.

டாக்டர் கையிலிருந்த பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். “முதல்லே ஒரு கண்ணு. ஊசியாலே புரையைக் கிழிச்சு விடறது பத்து நிமிஷ வேலை. அது என் வேலை. அப்புறம் ஏழு நாள் ரெண்டு கண்ணையும் கட்டிண்டு, அழாம, முண்டாம, மல்லாந்து படுத்திருக்கணும். அது அவன் வேலை. இப்படி உதைச்சான்னா இருக்கிற வெளிச்சமும் போயிடும். பழக்கி அழைச்சுண்டு வாங்கோ. மே மாசம் நான் நீலகிரிக்குப் போயிடுவேன், அதுக்குள்ளே.”

“நான் பழக்கறேன்” என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு எப்போதும் இப்படித்தான், கேள்வி முடிவதற்குள் கை உயர்ந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். அவனிடம் இனிமேல் யாரும் பொய் சொல்லக் கூடாது.

“அப்படியே ஆகட்டும் அம்மா” என்றார் அத்திம்பேர். “இந்த ஆத்துல இனிமே காக்காகூடப் பொய் கத்தாது.”

அக்கா சிரித்தாள். தலையையும் ஆட்டினாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மாசி முழுவதும் எங்களுக்கு அதுதான் விளையாட்டு. அத்திம்பேரின் கிழிந்த அங்கவஸ்திரத்தை நீளநீளமாகக் கிழித்து அவன் கண்ணைக் கட்டுவேன். முதல் நாள் இருபது எண்ணுவதற்குள் பிய்த்துவிட்டான். நானும் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு பக்கத்தில் படுத்தேன். அப்புறம் நூறு எண்ணினான். பிறகு சாப்பாடே கட்டோடுதான். வாயில் வருவது ரசமா மோரா என்று அவன் சொல்ல வேண்டும், தப்பாகச் சொன்னால் எனக்கு ஒரு குட்டு வைக்கலாம். அவன் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வான். கையை மடக்கிக் கண்ணைத் தேய்க்காமலிருக்க ஆஸ்பத்திரியில் முழங்கையில் அட்டை வைத்துக் கட்டுவார்களென்று டாக்டர் சொல்லியிருந்தார். என் அட்லாஸின் அட்டையைக் கிழித்து அதையும் கட்டிப் பார்த்தோம். தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைப்பார்களாம். நாங்கள் அரிசி மூட்டை வைத்தோம். எறும்பு வந்தது. அந்தப் பாடத்தை அதோடு நிறுத்திவிட்டோம்.

மயக்க மருந்து எப்படி மணக்கும் என்று கேட்டான். எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல எனக்கு மனசில்லை. காலேஜ் ரசாயனக் கூடத்து அம்மாளிடம் போய்க் கெஞ்சி, பஞ்சில் இரண்டு சொட்டுக் குளோரபாரம் வாங்கி மோந்து பார்த்தேன். “அழுகிப் போன மாம்பழம் மாதிரி இனிப்பா இருக்குடா. தலையைச் சுத்தும். அப்புறம் ஒண்ணுமே தெரியாது” என்று வந்து சொன்னேன். ரொம்ப யோசித்துவிட்டு, “மாம்பழம்னா பரவாயில்லை” என்றான்.

பங்குனியில் லஸ் முனைக்கு முதல் நுங்கு வந்தது. இளசாக ஒன்று, முற்றலாக ஒன்று வாங்கி வந்து அவன் கையில் கொடுத்தேன். இளசை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கச் சொன்னேன். கண்ணுக்குள்ளே எல்லாருக்கும் இந்த மாதிரி ஒரு நுங்கு இருக்கிறது, உனக்கு மட்டும் அது முற்றிப் போயிற்று, டாக்டர் அதில் ஒரு குத்துக் குத்தினால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும் என்று விளக்கினேன். அவன் விரலால் குத்தினான். தண்ணீர் என் புடவையெல்லாம் தெறித்தது.

“கண்ணு நுங்குன்னா, அதை டாக்டர் தின்னுடுவாரா?”

“மாட்டார்.”

“நெஜமா?”

“நெஜமா.”

சமையலறையிலிருந்து அக்கா கரண்டியோடு வந்தாள். “ஏண்டி, குத்தறது, கிழிக்கறது, கட்டறது! நல்ல வார்த்தையே வராதா உன் வாயிலே? மேலே அஸ்து தேவதைகள் போயிண்டே இருப்பா. காதுல விழுந்தா ‘அப்படியே ஆகட்டும்’னு சொல்லிட்டுப் போயிடுவா.”

“பலிக்கட்டுமே. குத்தினாத்தானே பார்வை வரும்?”

“உன்னோட பேசி ஜெயிக்க முடியுமா?” என்றாள். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்த கடைசிப் பாடம் கஞ்சி. தினம் விடிந்ததும் அவனுக்கு ஒரு டம்ளர் பால் கஞ்சி உண்டு. மயக்க மருந்து கொடுக்கிற அன்றைக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். “என்னிக்குக் காலம்பற கஞ்சி இல்லையோ, அன்னிக்குத்தான் ஆபரேஷன். கஞ்சி இருந்தா, யார் என்ன சொன்னாலும் பயப்படாதே” என்றேன். இந்த ஒரு பாடத்தில்தான் அவனுக்கு மூச்சு வந்தது. சலவைச் சட்டையைப் பார்த்தால்கூட ஓடுவதை விட்டுவிட்டான். முதலில் தனக்குக் கஞ்சி வந்ததா என்று பார்ப்பான்.

டாக்டர் வெள்ளிக்கிழமை நாள் கொடுத்தார். நான் பையனிடம் விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். எனக்குப் புதன்கிழமை உயிர்நூல் செய்முறைப் பரீட்சை, தவளை அறுக்க வேண்டும். வியாழன் ஒரு நாள் ஓய்வு. வெள்ளிக்கிழமை நானே அவனைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போவது, முகமூடி வைக்கிற வரையில் பக்கத்தில் நின்று மாம்பழத்தைப் பற்றிப் பேசுவது என்று எங்களுக்குள் ஏற்பாடு.

புதன்கிழமை காலை அக்கா என்னை உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டாள். வழக்கமாக நானே பின்னிக்கொள்வேன். மல்லிகை வேறு. பரீட்சை என்று கரிசனம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பையன் சுவரைத் தடவிக்கொண்டு வந்து என் முழங்காலைத் தொட்டான்.

“சித்தி, எனக்குக் கஞ்சி வரலை.”

“ராத்திரி அவனுக்கு வயிறு சரியா இல்லே. ஒரு வேளை காயட்டும்” என்றாள் அக்கா, என் தலைக்கு மேலிருந்து.

“சித்தி, இன்னிக்கா?”

“இல்லேடா. வெள்ளிக்கிழமை. அம்மா சொன்னாளே, வயிறு சரியா இல்லேன்னு.”

“சத்தியமா?”

அவன் உள்ளங்கையில் என் உள்ளங்கையை அடித்தேன். “சத்தியமா.”

சீப்பு ஒரு நொடி நின்றது. அப்புறம் மறுபடி ஓடியது. இதை நான் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நொடியில் அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் பூவைச் செருகி, “நேரமாச்சு, கிளம்பு” என்றாள்.

தவளை நன்றாகவே அமைந்தது. இருதயம் கடைசிவரை துடித்தது. நாலு மணிக்கு நான் இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தபோது கதவு பூட்டியிருந்தது. கீழே பாத்திரம் தேய்க்கிற அம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள்.

“எங்கே போயிருக்கா எல்லாரும்?”

“இன்னாமா, உனுக்கே தெரியாதா? ஒம்பது மணிக்கு மேல ரெண்டு ரிக்சா வச்சுக்கினு போய்ட்டாங்கோ. புள்ளைக்குக் கண்ணு ஆப்ரேசனாமே! நீ அங்க இருக்கேன்னு சொல்லித்தான இட்டுக்கினு போனாங்கோ? ‘சித்தி அங்கதான் குந்திக்கினு கீறா, வாடா’ன்னு அம்மா சொல்லிச்சு. அது பேஷா ஏறி உக்காந்துச்சு.”

லஸ் வழியாக ஆழ்வார்பேட்டைக்கு நான் நடந்தேனா ஓடினேனா, தெரியாது. ஜடையிலிருந்த பூ மட்டும் எங்கோ விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அத்திம்பேர் பெஞ்சில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

“வா வா. தவளை என்ன சொல்லித்து?”

“வெள்ளிக்கிழமைன்னேளே!”

“வெள்ளிக்கிழமை அவனுக்குச் சந்திராஷ்டமம். ராசிக்கு எட்டாம் இடத்துல சந்திரன். அந்த நாள்ல ஒரு செருப்பு வாங்கக்கூட எங்காத்துல போகமாட்டோம், கண்ணைக் கொண்டுபோய்க் கொடுப்பேனா? பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காது. டாக்டரைக் கேட்டேன், சரின்னுட்டார்.”

“எப்போ கேட்டேள்?”

“திங்கட்கிழமை.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

அவர் விசிறியைத் திருப்பிப் பிடித்தார். “சொன்னா நீ ஒரு மணி நேரம் வாதம் பண்ணுவே. கிளம்பற காரியத்துக்குக் குறுக்கே பேச்சு கூடாதும்மா. உனக்கும் பரீட்சை. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, போ, போய்ப் பாரு.”

திங்கட்கிழமை. செவ்வாய் முழுவதும் நான் அவனுக்கு வெள்ளிக்கிழமையை விரல் விட்டு எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் பக்கத்திலேயே இருந்தார்கள். அக்கா அப்பளம் இட்டுக்கொண்டிருந்தாள்.

உள்ளே போனேன். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை, கண்ணில் வெள்ளைக் கட்டு, முழங்கையில் அட்டை. எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடியே. ஒன்றும் புதிதில்லை அவனுக்கு, நான் அங்கே இல்லாததைத் தவிர. அழுதுகொண்டிருந்தான். கட்டிலருகே நின்ற ஆயா அவன் நெற்றியை அழுத்தி, “அழுவாத நைனா, கட்டு நனைஞ்சா டாக்டரு என்னியத்தான் திட்டுவாரு” என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

என் காலடி கேட்டதும் அழுகை நின்றது.

“சித்தியா?”

“ஆமாண்டா.”

“கஞ்சி வரலைன்னு சொன்னேனே. நீ சத்தியம் பண்ணினியே.”

உடம்பே தூக்கிப்போடுகிற மாதிரி விம்மினான். நர்ஸ் ஓடி வந்தாள். இப்படி விம்மினால் உள்ளே ரத்தம் கசியும், இன்றைக்குள் அடங்காவிட்டால் டாக்டர் பொறுப்பில்லை என்றாள். அக்கா என் தோளைப் பிடித்துத் தாழ்வாரத்துக்கு இழுத்து வந்தாள்.

“நாங்கதான் நாள் மாத்தினோம்னு அவன்கிட்ட சொல்லிடாதேடீ.”

“பின்னே நான் பொய் சொன்னேன்னு இருக்கட்டுமா?”

“ஏழு நாளும் ஒருத்தர்தான் கூட இருக்கலாமாம். நான்தான் இருக்கப்போறேன். என்னையும் நம்பலேன்னா கட்டை அவிழ்த்துப் போட்டுடுவான். உன்னை நம்பலேன்னா என்ன? நீ ஆத்துக்குத்தானே போகப்போறே?” அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். “கட்டு அவிழ்த்த அன்னிக்கே நானே சொல்லிடறேன். ஸ்வாமி சாட்சியா.”

உள்ளே அவன் விம்முவது கேட்டது. கணக்கு எனக்குப் புரிந்தது. வேகமாகக் கணக்குப் போடுகிறவள் என்று பெயர் எடுத்தவள் நான். கட்டிலருகே போய்க் குனிந்தேன்.

“ஆமாண்டா. இன்னிக்குத்தான்னு எனக்குத் தெரியும். நான்தான் பொய் சொல்லிட்டேன். இங்கே இருப்பேன்னு அம்மாகிட்டயும் பொய்தான் சொன்னேன், அவளுக்கு ஒண்ணும் தெரியாது.”

ஆயா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவன் அட்டை கட்டின கையை என் பக்கத்திலிருந்து எடுத்து மறுபக்கம் நீட்டி, “அம்மா, நீ வா” என்றான். அக்கா போய்ப் பிடித்துக்கொண்டாள். அழுகை அடங்கிவிட்டது. அதன்பின் ஏழு நாளும் அவன் கல்லைப் போலக் கிடந்தான் என்று டாக்டரே ஆச்சரியப்பட்டாராம். எனக்கு ஆயா சொல்லித்தான் தெரியும். தினம் இரண்டு வேளை தூக்கில் கரைத்த ரசம் சாதம் கொண்டுபோய் ஜன்னலருகே அவளிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். “மூணாம் நாளு கண்ணு அரிக்குது அரிக்குதுன்னு ஒரே ரகளை. அம்மா கையைப் புடிச்சுக்கினே குந்தியிருந்துச்சு” என்றாள் ஒரு நாள். அரிக்கும் என்பதை நான் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கட்டு அவிழ்த்த அன்று அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. வெளிச்சம் ஜாஸ்தியாகக் கூசியது, அவ்வளவுதான். புரை வாரக்கணக்கில் கரைந்தது. ஆனி கடைசியில் சோடாபுட்டிக் கண்ணாடி வந்தது. அதை மாட்டிக்கொண்டு அவன் முதலில் பார்த்தது தன் செருப்பை. அப்புறம் அம்மா. அப்புறம் அத்திம்பேரின் மீசையைப் பார்த்து, “இது எப்போ வந்தது?” என்று கேட்டான். கடைசியில் என்னிடம் வந்தான். முகத்தோடு முகம் வைத்து வெகுநேரம் பார்த்தான்.

“சித்தி, நீ இப்படித்தான் இருப்பியா?”

“இப்படித்தாண்டா.”

“பொய் சொல்ற மூஞ்சியாத் தெரியலையே” என்றான்.

அத்திம்பேர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கண்ணாடிக் கூட்டை மூடிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை சமையலறையில் கேட்டேன். “எப்போ சொல்லப்போறே?”

“இப்போ என்னடி அவசரம்? அவன் மறந்தே போயிட்டான். நாமே எதுக்குக் கிளறணும்?”

அவன் மறக்கவில்லை. மறக்க யாரும் விடவும் இல்லை. யார் வீட்டுக்கு வந்தாலும் அத்திம்பேர் அந்தக் கதையை எடுப்பார். “சித்தி இருக்காளே, சத்தியம் பண்ணிட்டுத் தவளை அறுக்க ஓடிட்டா!” வந்தவர்கள் சிரிப்பார்கள். காபி கொண்டுவருகிற அக்காவும் சிரிப்பாள். முதல் தடவை நானும் சிரித்தேன். அதுதான் நான் செய்த தப்பு. ஆவணிக்குள் அத்திம்பேருக்கே அது நிஜமாகிவிட்டது. ஒரு நாள் என்னைத் தனியே பார்த்து, “இருந்தாலும் நீ அன்னிக்கு அவனுக்குச் சத்தியம் பண்ணியிருக்கப்படாது” என்றார், மெய்யான வருத்தத்தோடு.

ஐப்பசியில் அடுத்த கண்ணுக்கு நாள் குறிக்கப் போனோம். டாக்டர் என்னைப் பார்த்ததும், “இந்தப் பொண்ணுதானே பழக்கினது? இந்தத் தடவையும் நீயே பழக்கிடும்மா” என்றார்.

“சித்தி வேண்டாம்” என்றான் பையன். “அம்மா சொல்லிக்கொடுக்கட்டும்.”

டாக்டர் சிரித்துக்கொண்டே அக்காவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் வராது. அக்கா அவன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்து, “சரிடா கண்ணா, அம்மா சொல்லிக்கொடுக்கறேன்” என்றாள்.

வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, என் மேஜையருகே வந்து நின்றாள். “அவனுக்கு என்னென்னடி சொன்னே? வரிசையா ஒரு காகிதத்துல எழுதிக்கொடேன்.”

எழுதிக்கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று என் சிநேகிதி கேட்டாள். கண் அவனுடையது, அதனால் கொடுத்தேன். கட்டு, அட்டை, மணல் மூட்டை, மாம்பழ வாசனை, கஞ்சி. கடைசியில், மூன்றாம் நாள் அரிக்கும் என்றும் எழுதினேன்.

மறுநாள் மத்தியானம் கூடத்தில் அவனை மடியில் வைத்துக்கொண்டு அக்கா அதைப் படித்தாள். நான் அறைக்குள் இருந்தேன். என்னுடைய வாக்கியங்கள் அவள் குரலில் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு இடத்தில் குரல் தயங்கியது.

“அப்புறம் ஏழு நாளும் சுகமாத் தூங்கிண்டே இருப்பே. ஒண்ணுமே தெரியாது.”

நான் எழுந்து கதவருகே போனேன். “மூணாம் நாள் அரிக்கும்டா.”

அக்கா நிமிர்ந்தாள். “நீ எதுக்குடி குழந்தையைப் பயமுறுத்தறே?”

பையன் கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிட்டுக்கொண்டான். அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். “அரிச்சுதே அம்மா” என்றான். “நீகூடக் கையைப் பிடிச்சுண்டியே. ஏன் இல்லேங்கறே?”

அக்கா காகிதத்தை மடித்தாள். நான் ஏதோ அவளைக் காட்டிக்கொடுத்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்தாள். இவ்வளவு நாளில் நான்கூட அவளை அப்படிப் பார்த்ததில்லை. “உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, மீதியை நீயே படி” என்று காகிதத்தைப் பாயில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் உட்கார்ந்தேன். அவன் ஒரு கை தூரம் தள்ளி உட்கார்ந்துகொண்டான். சமையலறையில் பாத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் சத்தம் கேட்டது.

“படி” என்றான். “ஆனா சத்தியம் மட்டும் பண்ணாதே.”

விட்ட இடத்திலிருந்து படித்தேன்.